பன்னீர் வடித்த தண்ணீரும் கம்மங்கூழும்

ஐந்து லிட்டர் பாலைக் கொதிக்கவைத்து, எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலக் கரைசலோ விட்டுத் திரித்து, துணியில் வடிகட்டினால் மேலே தங்குவது பசும்பாலாக இருந்தால் முக்கால் கிலோ பன்னீர், எருமைப்பாலாக இருந்தால் ஒரு கிலோ. கீழே பாத்திரத்தில் நான்கு லிட்டர் தண்ணீர் நிற்கும். இளம்பச்சை ஓடிய மஞ்சள் நிறம். நாக்கில் வைத்தால் லேசான புளிப்பு, அதற்குப் பின்னால் ஒரு மங்கலான இனிப்பு. கடலூரிலும் சிதம்பரத்திலும் பன்னீரும் ரசகுல்லாவும் விற்காத இனிப்புக் கடை இன்று அபூர்வம். வடித்த தண்ணீர் என்ன ஆகிறது என்று கேட்பவர்கள் அதைவிட அபூர்வம். வாங்கிப்போக மாட்டுக்காரர் இருந்தால் மாட்டுக்கு, இல்லாவிட்டால் சாக்கடைக்கு. இதைப் பாலோடு ஒப்பிட்டால் ஒன்றும் இல்லாத பொருளாகத்தான் தெரியும். தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கே மாறிவிடும். கூழ் காய்ச்ச நாம் பானையில் ஊற்றும் வெறும் தண்ணீரின் இடத்தில் இதை ஊற்றலாம். அதுவே இதற்கு மிகப் பொருத்தமான இடம் என்பது என் வாதம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். 'வே புரதம்' என்று உடற்பயிற்சிக் கூடங்களில் பெரிய டப்பாக்களில் விற்கும் தூளைப் பார்த்தவர்கள், பன்னீர் வடித்த தண்ணீரும் அதே 'வே'தானே, அப்படியென்றால் புரதம் குவிந்து கிடக்குமே என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் பாலை 30 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான வெதுவெதுப்பில் வைத்து, ரென்னட் என்ற நொதியால் உறைய வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் கேசின் மட்டுமே கட்டியாகிறது. மற்றப் புரதங்கள் கரைந்த நிலையிலேயே தண்ணீரோடு வெளியேறுகின்றன. அதை வடித்து உலர்த்தியதுதான் டப்பாவில் வருவது. பன்னீருக்கோ பாலை 90 டிகிரி வரை சூடாக்குகிறோம். அந்த வெப்பத்தில் பீட்டா லாக்டோகுளோபுலின் போன்ற புரதங்கள் மடிப்பவிழ்ந்து கேசினோடு ஒட்டிக்கொள்கின்றன. அமிலம் விட்டதும் அவையும் சேர்ந்தே கட்டியாகிப் பன்னீருக்குள் போய்விடுகின்றன. ஆகவே பாலாடைக்கட்டித் தண்ணீரில் 100 மில்லிக்கு 0.8 கிராம் அளவில் இருக்கும் புரதம், பன்னீர்த் தண்ணீரில் ஏறத்தாழ அதில் பாதிதான். 'புரதச் சுரங்கம்' என்று எழுதுபவர்களும் 'வெறும் கழிவு' என்று ஊற்றிவிடுபவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: இதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இருப்பது வேறு. பாலின் சர்க்கரையான லாக்டோஸ் ஏறத்தாழ முழுவதும் இதில்தான் இருக்கிறது. 100 மில்லிக்கு நாலரை முதல் 5 கிராம். அந்தப் பச்சை கலந்த மஞ்சளுக்குக் காரணம் ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின். வெளிச்சம் பட்டால் அது சிதையும் என்பதால், கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலில் வைத்த தண்ணீர் சத்தை இழக்கும். பொட்டாசியம் 100 மில்லிக்கு 140 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது கால்சியம். பாலில் உள்ள கால்சியத்தில் மூன்றில் இரண்டு பங்கு கேசின் உருண்டைகளுக்குள் பாஸ்பேட்டாக ஒட்டிக்கிடக்கிறது. புளிப்பு ஏற ஏற அது கரைந்து வெளியே வருகிறது. ரென்னட் கொண்டு உறையவைத்த தண்ணீரில் 100 கிராமுக்கு 50 மில்லிகிராமை ஒட்டி இருக்கும் கால்சியம், நன்றாகப் புளிக்கவைத்துப் பிரித்த தண்ணீரில் 100 மில்லிகிராமைத் தொடுவது இதனால்தான். பன்னீர்த் தண்ணீரின் புளிப்பு இரண்டுக்கும் நடுவில், அமில எண் (pH) 5.3 அளவில் நிற்பது. ஆகவே கால்சியமும் அந்த இரண்டு எல்லைகளுக்குள்தான் இருக்கும். ஆக, லேசாக இனிக்கும், உப்புகள் கரைந்த, ஏற்கெனவே காய்ச்சி எடுத்த தண்ணீர் இது.

இதைப் பானமாக்கும் யோசனை புதிதல்ல. சுவிட்சர்லாந்தில் 1952இல் தொடங்கிய 'ரிவெல்லா' என்ற குளிர்பானம் பால் திரித்து வடித்த தண்ணீரிலிருந்து செய்யப்படுவது. இன்றும் அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் அது. இந்தியாவிலும் 1970களின் தொடக்கத்திலேயே பால்வள விஞ்ஞானிகள் 'வேவிட்' என்ற பானத்துக்குச் செய்முறை வகுத்துவிட்டார்கள். அதன் பிறகு மாம்பழம், அன்னாசி, கொய்யா என்று ஒவ்வொரு பழத்தோடும் இதைக் கலந்து பார்த்த ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பண்ருட்டியில் பலாவும் கடலோரத் தோட்டங்களில் மாவும் விளையும் கடலூர் மாவட்டத்தில் ஏன் அதையே செய்யக்கூடாது என்று கேட்கத் தோன்றும். எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள். பழ பானத்துக்கு வழக்கமாக நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு சர்க்கரை சேர்க்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் லாக்டோஸையும் கூட்டினால், கோலா பானத்தில் இருப்பதைவிட அதிகச் சர்க்கரை நம் 'சத்து பான'த்தில் ஏறிவிடுகிறது. அடுத்தது, அப்படிப்பட்ட பானத்துக்குக் கிருமிநீக்கம், புட்டி, குளிர்பதனம் எல்லாம் வேண்டும். நாளைக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் வடித்த தண்ணீர் வரும் ஆலைக்கு அது கட்டுப்படியாகும். இருபது லிட்டர் பால் திரிக்கும் கடைக்கு ஒருநாளும் ஆகாது. பெரிய ஆலைக்குச் சவ்வு வடிப்பான், தூளாக்கும் கோபுரம் என்று வேறு வழிகளும் உண்டு. வழியில்லாமல் நிற்பது சின்னக் கடைதான்.

சின்னக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, வெயில் காலத்தில் கம்மங்கூழ் வண்டி நிற்கிறது. ஆடி மாதம் வந்தால் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறார்கள். கூழில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு குடிப்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய செய்தி இல்லை. ஆனால் அந்த மோரைப் பற்றி ஒன்று யோசிக்கலாம். இன்று நாம் மோர் என்று குடிப்பது தயிரில் தண்ணீர் கலந்தது. பழைய வீடுகளில் மோர் என்பது தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சியது. வெண்ணெய் உருகி நெய்யாகி விலைக்குப் போகும். மோர் வீட்டுக் கூழுக்கும் பழைய சோற்றுக்கும் வரும். அதாவது, பால் தொழிலின் மிச்சத்தைத் தானியக் கூழில் சேர்ப்பது இந்த உணவின் அமைப்பிலேயே இருந்தது. ராஜஸ்தானிலும் ஹரியாணாவிலும் கம்பு மாவை மோரில் கரைத்து வெயிலில் புளிக்கவைத்துக் காய்ச்சும் ராப்ரியும் இதே ஏற்பாடுதான். இப்போது வெண்ணெய் கடையும் வீடுகள் குறைந்து, பன்னீர் செய்யும் கடைகள் பெருகிவிட்டன. மிச்சத்தின் வகை மாறியிருக்கிறது. அது சேர வேண்டிய இடம் மாறவில்லை.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இந்த இடம் ஏன் பொருந்துகிறது என்பது விளங்கும். ஒரு பெரிய தம்ளர் கூழுக்கு 30 கிராம் கம்பு மாவும் கால் லிட்டர் தண்ணீரும் என்று வைத்துக்கொள்வோம். மாவிலிருந்து கிடைப்பது சுமார் 100 கலோரி, 3 கிராமுக்குச் சற்று மேல் புரதம், பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம் கால்சியம். கம்பில் இரும்பு நன்றாக இருக்கிறது. கால்சியம்தான் மிகக் குறைவு. வெறும் தண்ணீருக்குப் பதில் கால் லிட்டர் பன்னீர்த் தண்ணீரை ஊற்றினால் இன்னும் 50, 60 கலோரியும், ஒரு கிராம் புரதமும் கூடும். கால்சியம் மட்டும் 125 மில்லிகிராமுக்கு மேல் ஏறும், அதாவது பத்து மடங்குக்கும் அதிகமாக. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு தம்ளர் கூழ் அதில் எட்டில் ஒரு பங்கையாவது கொடுத்துவிடும். கேழ்வரகுக் கூழில் மாற்றம் இவ்வளவு கண்ணைப் பறிக்காது, ஏனென்றால் கேழ்வரகிலேயே 100 கிராமுக்கு 350 மில்லிகிராமை ஒட்டிய கால்சியம் உண்டு. ஒரு கிராம் புரதம் என்பது சொற்பம்தான். இருந்தாலும் தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பால் புரதத்தில் தாராளம் என்பதால், அந்தச் சொற்பமும் கூழின் புரதத்துக்குத் தரம் கூட்டுகிறது.

இதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது புளிப்பின் வேலை. சிறுதானியங்களின் சத்துப் பட்டியலைப் பார்த்து மகிழ்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அவற்றில் ஃபைட்டிக் அமிலமும் நிறைய. அது இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, குடல் உறிஞ்சவிடாமல் செய்கிறது. தானியத்திலேயே ஃபைட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அது இந்தப் பிடியை அறுக்கும். ஆனால் அதற்கு ஈரம் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், அமில எண் 5ஐ ஒட்டிய மிதமான புளிப்பு வேண்டும். ஹிசாரில் உள்ள ஹரியாணா வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ராப்ரியைப் புளிக்கவைக்கும் வெப்பமும் நேரமும் கூடக்கூட அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் குறைவதைக் காட்டினார்கள். சாதாரணத் தண்ணீரில் கரைத்த மாவு முதலில் பல மணி நேரம் புளிக்க வேண்டும். அதன் பிறகே நொதிக்கு ஏற்ற புளிப்பு வரும். பன்னீர்த் தண்ணீர் தொடங்கும்போதே அந்தப் புளிப்பில் இருக்கிறது. வடித்துச் சற்று நேரம் ஆனதும் 50 டிகிரிச் சூட்டில் இருக்கும் என்பது கூடுதல் வசதி. தண்ணீரில் உள்ள கால்சியம் ஃபைட்டிக் அமிலத்தோடு சேர்ந்து நொதி தொட முடியாத உப்பாகிவிடாதா என்று ஒரு வேதியியலாளர் கேட்கலாம். அப்படி உப்பாவது பெரும்பாலும் புளிப்புக் குறைந்த நிலையில்தான். அமில எண் 5இல் அது கரைந்தே இருக்கும்.

செய்முறை பழைய கூழின் செய்முறைதான், இரண்டு மூன்று மாற்றங்களோடு. வடித்த தண்ணீரை மெல்லிய துணியில் இன்னொரு முறை வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அதில் பாதியில் கம்பு மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கரண்டித் தயிர் விட்டு மூடிவைக்க வேண்டும். மாவு முளைகட்டிய கம்பில் அரைத்ததாக இருந்தால் நொதி கூடுதலாக இருக்கும். மீதித் தண்ணீரை ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரில் இரவு முழுக்கப் புளிக்கவைப்பது வழக்கம் என்றால், இதில் லாக்டோஸ் இருப்பதால் பாக்டீரியாவுக்குத் தீனி அதிகம். கடலூர் வெயிலில் ஆறேழு மணி நேரமே போதும், விட்டால் வாயில் வைக்க முடியாத புளிப்பாகிவிடும். பிறகு மீதித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, நொய் சேர்ப்பவர்கள் நொய்யை வேகவைத்து, கரைத்த மாவை ஊற்றிக் கிளற வேண்டும். தீ குறைவாக இருக்கட்டும். லாக்டோஸும் புரதமும் சூடான உலோகத்தில் படிந்து கருகும் குணம் உள்ளவை, சாதாரணக் கூழைவிட இது சீக்கிரம் அடிப்பிடிக்கும். அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்கும் என்பதால் எவர்சில்வரோ மண்சட்டியோதான் சரி. உப்பைப் பாதியாகப் போட்டுச் சுவைத்துப் பார்ப்பது நல்லது. தண்ணீரிலேயே கொஞ்சம் உப்புண்டு.

ஆட்சேபங்களில் முதலாவது, பால் ஒத்துக்கொள்ளாதவர்களைப் பற்றியது. வலுவான ஆட்சேபம் இது. வட இந்தியர், தென்னிந்தியர் இரு சாராரையும் ஒப்பிட்டு 1981இல் வெளிவந்த ஆய்வொன்று, தென்னிந்தியரில் மூன்றில் இரண்டு பேருக்கு லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவு என்றும், வடக்கே அது நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகம் என்றும் கண்டது. பால் குடிக்கும் வழக்கத்தைவிட மோர் குடிக்கும் வழக்கம் நம்மிடம் ஊன்றியதற்கு உடலும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நொதி குறைவு என்பதால் ஒரு துளியும் ஆகாது என்று பொருளில்லை. அத்தகையவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை லாக்டோஸைத் தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன முடிவு. நம் தம்ளரில் இருப்பது 11, 12 கிராம். புளிப்பில் அதில் ஒரு பங்கு லாக்டிக் அமிலமாக மாறிவிடும். கஞ்சியோடு சேர்ந்து போவதால் வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். எனவே ஒரு தம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது பாதி தண்ணீர், பாதி பன்னீர்த் தண்ணீர் என்று தொடங்கலாம். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் இந்தச் சமாதானம் எதுவும் பொருந்தாது. அவர்கள் தொடவே கூடாது.

இன்னோர் ஆட்சேபம் நுட்பமானது. கால்சியம் கூடினால் அதே வேளையில் உண்ணும் இரும்பின் உறிஞ்சலை அது குறைக்கும். கம்பின் பெருமையே இரும்பு என்றால், கால்சியத்தைக் கொண்டுவந்து அதைக் கெடுத்துக்கொள்வதா? ஒரே வேளை உணவை வைத்துச் சோதித்த ஆய்வுகளில் இந்தத் தடை தெளிவாகத் தெரிகிறது. பல வாரங்கள் நீண்ட ஆய்வுகளில் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஃபைட்டிக் அமிலம் குறைவதால் கிடைக்கும் லாபமும் எதிர்த்தட்டில் இருக்கிறது. கூழோடு நெல்லிக்காய் ஊறுகாயையல்ல, பச்சை நெல்லிக்காயையோ கொய்யாவையோ கடித்துக்கொண்டால் வைட்டமின் சி இரும்புக்குத் துணை வரும். இரத்தசோகைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரையை இந்தக் கூழோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளி எடுப்பதே நல்லது.

மாட்டுக்கு ஊற்றினால் போதாதா என்பவர்களுக்கு: தாராளமாக ஊற்றலாம், அளவோடு. மாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊரில் அது நல்ல வழி. நகரத்துக் கடைவீதியில் மாடு இல்லை, சாக்கடைதான் இருக்கிறது. அங்கே நடப்பது சின்ன விஷயமல்ல. ஒரு லிட்டர் பன்னீர்த் தண்ணீரைச் சிதைக்க நுண்ணுயிர்கள் 30 முதல் 40 கிராம் ஆக்சிஜனைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. வீட்டுக் கழிவுநீருக்கு இது லிட்டருக்கு 0.3 கிராமை ஒட்டித்தான் வரும். ஆறு குளங்களில் விடலாம் என்று மத்திய விதிகள் பொதுவாக அனுமதிக்கும் அளவு 0.03 கிராம். வேறுமாதிரிச் சொன்னால், ஒரு வாளி பன்னீர்த் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்ப்பது ஏழெட்டுப் பேர் ஒரு நாளில் உண்டாக்கும் கழிவைக் கவிழ்ப்பதற்குச் சமம். கடலூரின் சாக்கடைகளுக்குக் கெடிலமும் உப்பனாறும் அருகில். சிதம்பரத்து வாய்க்கால்கள் போய்ச் சேர்வது கிழக்கே கழிமுகங்களில். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருப்பதே அந்த நீரின் உயிர்வளத்தை நம்பித்தான். பிச்சாவரத்து அலையாத்திக் காடு அதற்குப் பக்கத்தில்.

கடைசியாக, நம்பிக்கை சம்பந்தப்பட்ட கேள்வி: கடையில் என்ன விட்டுப் பால் திரித்தார்கள்? எலுமிச்சை, சிட்ரிக் அமிலம், கால்சியம் லாக்டேட், உணவுக்கென்று செய்த வினிகர் எல்லாம் சரி. படிகாரமோ, தொழிற்சாலைக்கான அசிட்டிக் அமிலமோ விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் கூழுக்கு ஆகாது. சொல்லப்போனால் அந்தப் பன்னீரும் ஆகாது. தாவர எண்ணெயும் மாவும் கலந்து செய்த போலிப் பன்னீரின் தண்ணீரில் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. தானாகக் கெட்டுத் திரிந்த பாலின் தண்ணீரும் இந்தக் கட்டுரையில் சேராது. எந்தக் கிருமி திரித்தது என்று தெரியாத பாலுக்கு உத்தரவாதம் இல்லை. திரித்த தண்ணீர் நல்லதாகவே இருந்தாலும் 30 டிகிரிக்கு மேல் வெயில் காயும் ஊரில் இரண்டு மணி நேரத்துக்குமேல் அறையில் கிடக்கக்கூடாது. உடனே மாவு கரைக்க வேண்டும், இல்லையேல் குளிரில் வைக்க வேண்டும். இந்த நிபந்தனைகளால்தான், பெரும் அடுப்புகளில் இதைத் தொடங்கலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. வள்ளலார் 1867இல் வடலூரில் தொடங்கிய தருமச்சாலை போன்ற பெரும் சமையல்கள் இதே மாவட்டத்தில்தான் நடக்கின்றன. பள்ளிக் காலை உணவும் இருக்கிறது. ஆனால் பல கடைகளிலிருந்து வாளி வாளியாகத் திரட்டும்போது எந்த வாளியில் என்ன அமிலம் என்று யாருக்கும் தெரியாது. பன்னீர் செய்யும் வீடும், தன் கையால் பால் திரிக்கும் கடைக்காரரும், அவரிடமிருந்து மட்டும் வாங்கும் ஒரு கூழ் வண்டியும் போதும்.

அதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை சில உள்ளன. மேலே நான் சொன்ன கால்சியத்தின் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். எலுமிச்சையால் திரித்ததற்கும் சிட்ரிக் அமிலத்தால் திரித்ததற்கும், பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் அது எவ்வளவு மாறுகிறது என்பதை உள்ளூர்க் கடைகளின் தண்ணீரிலேயே பார்க்கலாம். ஆறு மணி நேரப் புளிப்பில் லாக்டோஸ் எவ்வளவு குறைகிறது, ஃபைட்டிக் அமிலம் எவ்வளவு குறைகிறது என்பவை சாதாரண ஆய்வகத்தில் செய்யக்கூடிய சோதனைகள்தான். 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் அதன் வேளாண் புலமும் அண்ணாமலை நகரில் இருக்கின்றன. மானாவாரிக் கம்பு விளையும் விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கமும் அதே மாவட்டம். ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வேட்டுக்கு இது அளவான வேலை.